சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறினோம், அப்பாவுக்குச் சுகர் ஏறிவிட்டது. எங்கே தப்பு?

செல்லூர் மகள்
செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பாவுக்கு 61 வயது. ஒன்பது வருடமாகச் சுகர் இருக்கிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின் போடுகிறார், மதியத்துக்கு இன்னொரு மாத்திரை. தறி நெய்தவர். மூட்டு வலியால் தறியை விட்டு நான்கு வருடம் ஆகிறது.

தைப் பொங்கல் அன்றைக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, இனிமேல் வெள்ளைச் சீனி வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். காப்பிக்குக் கருப்பட்டி, பாயசத்துக்கு மண்டை வெல்லம், எனக்கும் தம்பிக்கும் நாட்டுச்சர்க்கரை. சீனி டப்பாவை அம்மா கழுவிக் கவிழ்த்தே வைத்துவிட்டார்.

போன வாரம் மூன்று மாதச் சராசரி எடுத்தோம். பொங்கலுக்கு முன்னால் 7.4 இருந்த ஹெச்பிஏ1சி இப்போது 8.9. அப்பா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "லேபில் ஆள் மாறிப்போச்சு" என்கிறார். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரையை அப்பா ஒரு வேளைகூட விட்டதில்லை, நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். நல்லதைத்தானே செய்தோம், எப்படி ஏறியது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப் அக்கா
செவ்வாய், இரவு 10.15

தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லு. 8.9 வந்ததை இறக்க முடியும்.

ஆனையூர்ப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆள் மாறிப்போவது எங்கேயும் நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெறும் வயிற்றில் எடுத்ததும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததும் கூடவே ஏறியிருந்தால் ரிப்போர்ட் சரியாகத்தான் இருக்கும். ரத்தசோகை இருந்தால் இந்த மூன்று மாதக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாகக் காட்டும், அதனால் ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது எனக்கு இரண்டு பதில் வேண்டும். பொங்கலுக்கு முன்னால் அப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை காப்பி, டீ குடித்தார், ஒவ்வொன்றிலும் எவ்வளவு சீனி? இப்போது எத்தனை தடவை, எவ்வளவு கருப்பட்டி? உத்தேசமாகச் சொல்லாதே. அளந்து சொல்லு.

ஓய்வு ஆசிரியர்
புதன், காலை 6.20

மகளே, கருப்பட்டியால் சுகர் ஏறாது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும்தான். வெள்ளைச் சீனி ஆலையில் கந்தகப் புகை காட்டி வெளுக்கப்படுவது. அதில் சத்து எதுவும் கிடையாது. வெல்லத்தில் இரும்பு இருக்கிறது, கருப்பட்டியில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. நீங்கள் வாங்குவது கலப்படமாக இருக்கும். முதலில் அதை விசாரியுங்கள்.

செல்லூர் மகள்
புதன், இரவு 8.55

அக்கா, அளந்தேன். எதிர் வீட்டு அண்ணன் நகைப் பட்டறையில் வேலை பார்க்கிறார், அவரிடம் சின்னத் தராசு ஒன்று இரவல் வாங்கினேன்.

பொங்கலுக்கு முன்னால் அப்பாவுக்கு இரண்டு டம்ளர். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அம்மா தலை தட்டி ஒரு ஸ்பூன் சீனி போடுவார். அதையே இன்று நிறுத்துப் பார்த்தேன், 5 கிராம் வந்தது. ஆக, நாளைக்கு 10 கிராம்.

இப்போது நான்கு டம்ளர். அம்மா கருப்பட்டியை அரிவாள்மணையின் பின்பக்கத்தால் தட்டி, உடைந்த துண்டை அப்படியே வட்டகையில் போடுவார். இன்று ஒவ்வொரு தடவையும் துண்டை வாங்கித் தராசில் வைத்தேன். 15, 17, 14, 18. மொத்தம் 64 கிராம். நான் நிறுத்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். கடைசித் துண்டை வைக்கும்போது, "இது மருந்தும்மா, இதையும் நிறுக்கிறியா?" என்று கேட்டார்.

இன்னொன்று. வாரத்தில் மூன்று நாள் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்துவிட்டு வருவாராம், அதுவும் கருப்பட்டி என்பதால். இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

லேப் அக்கா
புதன், இரவு 10.05

10 கிராம் எங்கே, 64 கிராம் எங்கே. நீ கேட்டதற்கு முக்கால்வாசிப் பதிலை நீயே நிறுத்துச் சொல்லிவிட்டாய். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

சீனி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு. கரும்பிலிருந்து வந்தாலும் பனையிலிருந்து வந்தாலும் இவற்றில் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ் என்கிற ஒரே பொருள்தான். சீனியில் ஏறத்தாழ முழுவதும் அதுதான். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் தாதுக்கள், நிறம், மணம் சேர்ந்து வரும். சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் நொதி, சுக்ரோஸை நடுவில் வெட்டி ஒரு பாதி குளுக்கோஸாகவும் மறுபாதி பிரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரையாகவும் பிரித்துவிடும். அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது பனைக்கும் கரும்புக்கும் வித்தியாசம் இருக்காது. குளுக்கோஸ் நேராக ரத்தத்தில் ஏறும், அதைப் பார்த்துக் கணையம் இன்சுலினை விடும். அப்பாவைப் போன்றவர்களுக்கு அந்த இன்சுலின் போதாது, அல்லது உடம்பு அதற்குக் கட்டுப்படாது.

ஐயா சொன்னதில் உண்மை இருக்கிறது. நம் ஊர்ச் சீனி ஆலைகளில் கரும்புச் சாற்றைத் தெளிய வைக்கச் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது அந்தக் கந்தகம் இல்லை, சுக்ரோஸ்தான். இரும்புக் கணக்கையும் பார்த்துவிடலாம். 100 கிராம் வெல்லத்தில் 5 மில்லிகிராம் இரும்பு என்று வைத்தாலும், நாளைக்கு 20 கிராம் சாப்பிட்டால் 1 மில்லிகிராம் கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் சொன்ன கணக்குப்படி, வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும். அதை வெல்லத்தால் நிரப்பப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதற்கு முருங்கைக்கீரையும் பயறும் இருக்கின்றன.

சீனியைப் பார்த்து அப்பாவுக்கு ஒரு பயம் இருந்தது. கருப்பட்டியைப் பார்த்து அது இல்லை. அதனால்தான் இரண்டு டம்ளர் நான்கு ஆனது.

சாயல்குடிக்காரன்
வியாழன், காலை 7.30

கருப்பட்டியைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் ஊர் சாயல்குடிப் பக்கம். அப்பா பனையேறி. நான் இப்போது கீழமாசி வீதியில் கடை வைத்திருக்கிறேன், பாதி வியாபாரம் கருப்பட்டிதான்.

கருப்பட்டி எப்படி வருகிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பாளையைச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். விடியும் முன்னே இறக்கி, வடிகட்டி, பெரிய தாச்சியில் ஊற்றி, பனை மட்டையும் சில்லாட்டையும் போட்டு எரிக்க வேண்டும். எங்கள் அம்மா அடுப்புப் பக்கத்திலேயே நிற்பார். பாகு கம்பிப் பதம் தாண்டி, துடுப்பில் எடுத்துத் தண்ணீரில் விட்டால் உருள வேண்டும். அப்போது இறக்கிச் சிரட்டையில் ஊற்றுவார். ஒரு நொடி பிந்தினால் கருகிவிடும், முந்தினால் இறுகாது. ஊருக்குள் நுழையும்போதே எந்த வீட்டில் காய்ச்சுகிறார்கள் என்று மூக்கு சொல்லிவிடும்.

இன்றைக்குச் சந்தையில் பாதிக்குமேல் சீனிப் பாகில் நிறம் ஏற்றியது என்று என் வாயால் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அசலை உடைத்தால் உள்ளே மங்கலாக, பொடிப்பொடியாக இருக்கும். புகை வாசமும் லேசான கரிப்பும் தெரியும். கலப்படத்தில் உடைத்த இடம் கண்ணாடிச் சில்லு போல மின்னும், நாக்கில் இனிப்பு மட்டும்தான் நிற்கும். விலையையும் பாருங்கள். மலிவாக யாராலும் அசல் தர முடியாது, பனையேறுகிறவர்களே குறைந்துவிட்டார்கள்.

அதனால், தயவுசெய்து கருப்பட்டியை மொத்தமாகக் குற்றம் சொல்லாதீர்கள். சுக்குக் காப்பிக்கு அதைப் போட்டுக் குடித்தால் சளிக்கு வரும் சுகம் வேறு எதிலும் வராது. அந்தப் பெரியவருக்குக் கலப்படத்தைக் கொடுத்திருப்பார்கள்.

லேப் அக்கா
வியாழன், மதியம் 1.50

அண்ணே, நீங்கள் எழுதியதை எங்கள் லேபில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் ஒன்றை மட்டும் கேட்கிறேன். பதநீர் ஏன் இனிக்கிறது? அதிலிருக்கும் சுக்ரோஸால்தானே. அதன் தண்ணீரைச் சுண்ட வைத்தால் மிஞ்சுவதும் அதே சுக்ரோஸ்தான். அசல் கருப்பட்டி என்றால் பனையின் சர்க்கரை, கலப்படம் என்றால் கரும்பின் சர்க்கரை. ஏமாற்றுவதும் கலப்படம் செய்வதும் வேறு விஷயங்கள், அவற்றுக்கு நானும் எதிரி. ஆனால் சுகர் இருப்பவர் 64 கிராம் அசலைச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். உங்கள் கடைக்கு வருகிற சுகர்க்காரர்களிடம் நீங்கள் அதைச் சொன்னால் நாங்கள் சொல்வதைவிட நன்றாகக் கேட்பார்கள்.

பாலமேடு விவசாயி
வியாழன், இரவு 7.10

வெல்லத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். எங்களுக்கு நாலு ஏக்கர் கரும்பு, ஆலைக்கு வெட்டாத வருடம் கொட்டகை போட்டு வெல்லம் காய்ச்சுவோம். சாறு கொதிக்கும்போது வரும் அழுக்கை எடுக்க வெண்டைக்காய்ச் செடித் தண்டை நசுக்கிப் போடுவது பழைய முறை. இப்போது ஹைட்ரோஸ் என்கிற பவுடரைப் போடுகிறார்கள், வெல்லம் மஞ்சளாகப் பளபளவென்று வரும். வாங்குகிறவர்கள் அந்த நிறத்தைத்தான் கேட்கிறார்கள். கருப்பாக இருப்பதைக் கமிஷன் கடையில் தள்ளுபடி விலைக்குக் கேட்பார்கள். சீனி விலை குறைந்திருக்கும் நேரத்தில் பாகில் சீனி மூட்டையைக் கொட்டுகிறவர்களும் உண்டு.

வீட்டுக்கு வாங்கினால் கருப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பதை வாங்குங்கள். சுகருக்கு அது நல்லது என்று நான் சொல்லவில்லை. பவுடர் வயிற்றுக்குள் போகாது, அவ்வளவுதான்.

வைகைக்கரை
வியாழன், இரவு 11.20

எனக்கு 27 வயது. சுகர் இல்லை, வெறும் வயிற்றில் 92தான். வயிறு வலிக்கிறது என்று ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை என்று வந்திருக்கிறது. குடிப்பழக்கம் கிடையாது. எண்ணெய்ப் பலகாரமும் அதிகம் கிடையாது. உட்கார்ந்து செய்யும் வேலை. சீனியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. தினமும் மதியம் ஒரு பெரிய கிளாஸ் திராட்சை ஜூஸ், சாயங்காலம் அண்ணா நகரில் ஒரு கரும்புச்சாறு. இரண்டிலும் சீனி கிடையாது. பழச்சர்க்கரையும் கெடுதலா? இல்லை, என் கல்லீரலுக்கு வேறு காரணமா?

லேப் அக்கா
வெள்ளி, காலை 5.50

தம்பி, வேறு காரணங்களும் இருக்கலாம், அதை உன் டாக்டர் பார்க்கட்டும். ஆனால் அந்த இரண்டு கிளாஸையும் நான் சும்மா விட மாட்டேன்.

மேலே சொன்னேன் இல்லையா, சுக்ரோஸ் இரண்டாக வெட்டுப்படும் என்று. குளுக்கோஸ் பாதியை உடம்பு முழுவதும் பங்கு போட்டுக்கொள்ளும். மூளை, தசை, சிவப்பணு என்று எல்லாருக்கும் வேலை இருக்கிறது. பிரக்டோஸ் பாதி அப்படி இல்லை. கொஞ்சமாக, மெதுவாக வந்தால் குடலே ஓரளவு மாற்றிவிடும். கிளாஸ் கிளாஸாக வந்தால் பெரும்பாலும் கல்லீரலின் தலையில்தான் போய் விழும். குளுக்கோஸைக் கையாளும்போது கல்லீரலுக்கு 'போதும்' என்று நிறுத்தும் ஒரு வாசல் உண்டு, பிரக்டோஸ் அந்த வாசலைச் சுற்றிப் போய்விடும். ஏற்கனவே சேமிப்பு நிறைந்திருந்தால் அதைக் கொழுப்பாக மாற்றும். சிலருக்கு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ஏறும், யூரிக் அமிலமும் ஏறும். இதில் மோசம் என்னவென்றால், பிரக்டோஸ் உன் சுகர் மீட்டரில் தெரியவே தெரியாது. 92 என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

கரும்புச்சாறு 250 மில்லி குடித்தால் 30 கிராமுக்குமேல் சர்க்கரை. திராட்சை ஜூஸும் அதைவிடக் குறைவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஏறத்தாழ 50 கிராம், முடிந்தால் 25 கிராமுக்குள். அந்தக் கணக்கில் சீனி, வெல்லம், தேன், பிழிந்த பழச்சாறு எல்லாம் சேரும். முழுப் பழம் சேராது, பாலில் இயல்பாக இருக்கும் சர்க்கரையும் சேராது.

பழத்தை ஏன் விட்டார்கள் என்றால், நூறு கிராம் கொய்யாவில் 10 கிராமுக்குள்தான் சர்க்கரை. அதை மெல்ல வேண்டும், நார் இருக்கிறது, ஒன்று தின்றால் வயிறு போதும் என்று சொல்லும். ஜூஸ் கடையில் ஒரு கிளாஸுக்கு எத்தனை கொத்துத் திராட்சை போடுகிறார் என்று ஒரு நாள் நின்று பார். அத்தனையையும் உன்னால் உட்கார்ந்து தின்ன முடியுமா?

வைகைக்கரை
வெள்ளி, மதியம் 3.05

இன்றைக்குப் போய்ப் பார்த்தேன், அக்கா. ஒரு பெரிய கிண்ணம் நிறையத் திராட்சை. சக்கையை வடிகட்டி வாளியில் தட்டிவிட்டுச் சாற்றை மட்டும் கொடுத்தார். நான் ஒரு கொத்து மட்டும் வாங்கித் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஓய்வு ஆசிரியர்
வெள்ளி, மாலை 6.40

லேப் சகோதரிக்கு ஒரு கேள்வி. நான் வாதத்துக்காகக் கேட்கவில்லை. எங்கள் தாத்தா பந்தியில் பாயசத்தைக் குழிக்கரண்டியால் அல்ல, செம்பால் வாங்கிக் குடித்தவர். 84 வயது வரை இருந்தார், சுகர் என்ற பேச்சே இல்லை. இனிப்புதான் காரணம் என்றால் அவருக்கு ஏன் வரவில்லை?

சாயல்குடிக்காரன்
சனி, காலை 8.10

ஐயா கேட்டதற்கு நான் பதில் சொல்லலாமா? லேப் அக்கா சொன்னதை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன்.

எங்கள் அப்பா சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறுவார், காலையிலும் மாலையிலும். ஏறி இறங்கி வந்தால் நெஞ்சிலும் காலிலும் பனஞ்செதில் கிழித்த கோடு கோடாக இருக்கும். பதநீரைச் செம்பு செம்பாகக் குடிப்பார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வரக்காப்பி குடிப்பார். 70 வயதுக்குமேல் சோதித்துப் பார்த்தபோதும் அவருக்குச் சுகர் இல்லை. அதே வீட்டுக் கருப்பட்டியைத் தின்று வளர்ந்த எனக்கு 41 வயதில் சுகர் வந்துவிட்டது. நான் காலை எட்டரைக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் எழுந்திருப்பேன். இதை இதுவரை என் கடைக்கு வருகிற யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் அப்பா ஏறிய மரத்தில் ஒன்றுகூட நான் ஏறியதில்லை.

லேப் அக்கா
சனி, காலை 11.30

அண்ணே, நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இதற்குப் பின்னால் இருக்கும் விஷயத்தை மட்டும் நான் சேர்க்கிறேன். தசை வேலை செய்யும்போது, இன்சுலின் பெரிதாக இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். பனையேறுகிறவரின் தொடைக்கு ஒரு செம்புப் பதநீர் எந்த மூலைக்கு? அதனால்தான் சாப்பிட்டதும் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்கிறோம். பரம்பரையும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், அது நம் கையில் இல்லை.

தங்கச்சியின் அப்பாவும் குழித்தறியில் நாள் முழுக்க மிதித்தவர். தறியை விட்ட நான்கு வருடத்தில் அந்தக் கால் என்ன செய்கிறது?

இன்னொன்று, சோறு. ஒரு கப் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து, அத்தனையும் கடைசியில் குளுக்கோஸ்தான். ரத்தத்தில் ஏறும் வேகத்துக்கு ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். தனிக் குளுக்கோஸ் 100 என்றால், சீனி 65 அளவில், வெள்ளை அரிசிச் சோறு பலவும் 70ஐ ஒட்டி, பாலின் லாக்டோஸ் 45 அளவில், தனிப் பிரக்டோஸ் 20 பக்கம். சீனியை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு மூன்று தடவை சோறு வாங்கிக்கொள்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இதையே பார்த்து, பிரக்டோஸ்தான் குறைவு, அது நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கல்லீரலில் என்ன செய்கிறது என்று மேலே எழுதிவிட்டேன்.

வார்டு சிஸ்டர்
சனி, இரவு 9.25

நைட் டூட்டிக்குப் போவதற்குள் ஒன்றை எழுதிவிடுகிறேன். எல்லோரும் ஏறுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். இறங்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

செல்லூர்த் தங்கச்சி, அப்பாவுக்கு மதியம் கொடுக்கும் மாத்திரையின் பெயரைப் பார். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்று இருக்கிறதா? அப்படி இருந்தால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள். சுக்ரோஸைக் குடலில் வெட்டும் நொதியை அந்த மாத்திரை தடுத்து வைக்கிறது. அதனால் அப்பாவுக்கு என்றைக்காவது சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வேர்த்து, கை நடுங்கினால், நீ சீனித் தண்ணியோ கருப்பட்டியோ கொடுத்தால் சீக்கிரம் வேலை செய்யாது. மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். 15 கிராம், அதாவது குவிக்காமல் மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடு. 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பார், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. அப்புறம் ஏதாவது சாப்பிட வை.

நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. போன வருடம் ஒரு அம்மாவை விடியற்காலை கொண்டுவந்தார்கள். மயங்கிக் கிடந்தவர் வாயில் வீட்டில் உள்ளவர்கள் பயத்தில் பானகத்தை ஊற்றியிருக்கிறார்கள், அது நுரையீரலுக்குப் போய்விட்டது. சர்க்கரையைச் சரி செய்ய எங்களுக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிப் பத்து நிமிடம்தான் ஆனது. நுரையீரல் சரியாகப் பதினோரு நாள் ஆனது. மகன் கட்டில் ஓரத்திலேயே நின்றிருந்தார். நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

செல்லூர் மகள்
சனி, இரவு 10.10

சிஸ்டர், இப்போதுதான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். வோக்லிபோஸ்தான். இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. நாளைக் காலை முதல் வேலையாகக் குளுக்கோஸ் பவுடர் வாங்கி வைக்கிறேன்.

கொட்டாம்பட்டி மருமகள்
ஞாயிறு, காலை 10.45

அக்கா, எனக்கு ஒன்பதாவது மாதம். பிள்ளை பிறந்ததும் சேனை வைக்க வேண்டும் என்று மாமியார் மலைத்தேன் வாங்கி வைத்திருக்கிறார். வேண்டாம் என்றால் மனம் சங்கடப்படுவார். கொஞ்சமாக நாக்கில் தடவினால் பரவாயில்லையா?

வார்டு சிஸ்டர்
ஞாயிறு, மதியம் 2.20

வேண்டாம்மா. கொஞ்சம்கூட வேண்டாம். ஒரு வயது முடியும் வரை தேன் கொடுக்கக் கூடாது. தேனில் சில நேரம் ஒரு கிருமியின் வித்து இருக்கும். பெரியவர்கள் குடலில் அது முளைக்காது, பச்சைப் பிள்ளை குடலில் முளைத்து நஞ்சை விடும், பிள்ளை தளர்ந்துபோகும். மலைத்தேன், கடைத்தேன் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. சீனித் தண்ணியும் வேண்டாம்.

மாமியாரிடம் இப்படிச் சொல்லு: தாய்ப்பாலே இனிப்புதான். நூறு மில்லியில் 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, பசும்பாலைவிட அதிகம். சேனை வைக்கும் அந்த நேரத்தில் அவர் பிள்ளையை மடியில் வாங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பால் கொடுக்க உன்னிடம் தரட்டும். எங்கள் வார்டில் இரண்டு மூன்று பாட்டிகள் அப்படிச் செய்தார்கள், மனநிறைவாகத்தான் போனார்கள்.

ஓய்வு ஆசிரியர்
ஞாயிறு, மாலை 5.15

நான் முதல் நாள் எழுதியதில் ஒரு வரியை மாற்றிக்கொள்கிறேன். கருப்பட்டியால் சுகர் ஏறாது என்று எழுதியது தவறு. கருப்பட்டியை நான் விடப் போவதில்லை, எனக்குச் சுகர் இல்லை. ஆனால் சுகர் இருக்கிறவருக்கு அதை மருந்தென்று இனிச் சொல்ல மாட்டேன். சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்பு மாத்திரைகளைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது, என் தங்கை அதைத்தான் காப்பியில் போடுகிறாள்.

லேப் அக்கா
ஞாயிறு, இரவு 8.30

ஐயா, நன்றி. அந்த மாத்திரைகள் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. உடம்பைக் குறைக்க அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. ஏற்கனவே சுகர் இருப்பவர்களை அந்த ஆலோசனையில் அது சேர்க்கவில்லை. உங்கள் தங்கைக்குச் சுகர் இருந்து, காப்பிக்கு ஒன்றிரண்டு போடுகிறார் என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் இனிப்பில்லாமல் குடிக்க நாக்கைப் பழக்க முடிந்தால் அதுதான் நல்லது, மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும்.

செல்லூர் மகள்
ஆடி 12, இரவு 9.05

மூன்று மாதம் கழித்து வருகிறேன். இன்றைக்கு ரிப்போர்ட் வந்தது. 7.5. மாத்திரையை டாக்டர் மாற்றவில்லை. ஹீமோகுளோபினும் பார்த்தோம், 13.1.

என்ன செய்தோம் என்று சொல்கிறேன். கருப்பட்டியை நிறுத்தவில்லை. அப்பாவிடம் அதை விடச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இனிப்பில்லாத வரக்காப்பி, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கூட 5 கிராம் கருப்பட்டி, காப்பியில் போடாமல் கையில். சாயல்குடி அண்ணன் தன் அப்பாவைப் பற்றி எழுதியதை வாசித்துக் காட்டினேன். அதிலிருந்து அப்பா, "நானும் அப்படியே கடிச்சுக்கிறேன்" என்றார். துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு ஒரு டம்ளரைக் கால் மணி நேரம் குடிக்கிறார். தராசை எதிர் வீட்டு அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அம்மா கண்ணாலேயே உடைக்கிறார், தராசைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் நிறுத்துப் பார்த்தபோது சரியாக 5 இருந்தது.

சோறு இரண்டு தடவை வாங்கியது ஒன்றாகிவிட்டது, காய் கூடியிருக்கிறது. இரவு சாப்பிட்டதும் அப்பாவும் நானும் வைகைப் பாலம் வரை போய்த் திரும்புகிறோம். முதல் வாரம் மூட்டு வலிக்கிறது என்று பாதியில் உட்கார்ந்தார். இப்போது முன்னால் நடக்கிறார்.

சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் தெருப் பந்தலில் அப்பாதான் வருடாவருடம் பானகம் ஊற்றுவார். இந்த வருடமும் ஊற்றினார். அழகரைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்துப் பானையிலிருந்து நீர்மோர் எடுத்துக் குடித்ததை நான் பார்த்தேன்.

சாயல்குடி அண்ணே, கால் கிலோ கருப்பட்டி வேண்டும். கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா? அப்பா நேரில் வந்து வாங்க வேண்டும் என்கிறார்.

சாயல்குடிக்காரன்
ஆடி 13, காலை 7.00

மதியம் ஒரு மணி வரை திறந்திருக்கும்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. இந்த வருடம் அம்மா காய்ச்சியதில் ஒரு கொட்டான் எடுத்து வைக்கிறேன். என் மூன்று மாதக் கணக்கையும் எடுக்க வேண்டும், லேப் அக்கா, திங்கட்கிழமை வெறும் வயிற்றில் வரட்டுமா?

லேப் அக்கா
ஆடி 13, காலை 7.20

மூன்று மாதக் கணக்குக்கு வெறும் வயிறு தேவையில்லை, அண்ணே. ஆனாலும் வெறும் வயிற்றிலேயே வாங்க, மற்றதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். காலை ஏழு மணிக்குத் திறப்போம். முடிந்தால் நடந்து வாங்க.